ஒரு பாகத்தின் உரிமை முழு போனையும் விழுங்கலாமா?



கொஞ்சம் நீண்ட பதிவு இது. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள். போன் கடை வைத்திருக்கும் தம்பிமார், தொழில் பழக நினைக்கும் பிள்ளைகள், அவர்களின் வாப்பா உம்மா, அப்பா அம்மா எல்லோரும் கட்டாயம் வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

போன் கொம்பனிகள் ஒன்றையொன்று கோர்ட்டுக்கு இழுப்பதைப் பற்றி செய்தி வந்தால், "பெரிய ஆட்கள் சண்டை, எங்களுக்கென்ன" என்று தள்ளிவிட்டுப் போகிறோம். ஆனால் அந்தச் சண்டையின் செலவு போனின் விலையிலும், உடைந்த டிஸ்பிளேயை மாற்றப் போகும்போது கடைக்காரர் சொல்லும் தொகையிலும் வந்து சேர்கிறது. தண்ணீரூற்றில் இருக்கும் எங்களுக்கும் சேர்த்துத்தான்.

முதலில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு விஷயத்தை எடுப்போம். இரண்டு சிம் போடும் போன். எங்கட பகுதியில் ஒரு சிம் மட்டும் போடும் போனை யாரும் விரும்பி வாங்குவதில்லை. ஒன்று வீட்டில் நன்றாக எடுக்கும், மற்றது வயலில் எடுக்கும். 1990க்குப் பிறகு புத்தளத்தில் வாழ்ந்து திரும்பி வந்த குடும்பங்களில் பாதிப்பேர் அங்கே, பாதிப்பேர் இங்கே. அங்கே பேச ஒரு சிம், இங்கே டேட்டாவுக்கு ஒரு சிம். இந்த இரட்டை சிம் போன் முழுவதற்கும் "இது என்னுடைய கண்டுபிடிப்பு" என்று ஒருவர் உரிமை கேட்டார் என்றால் நம்புவீர்களா? அவர் ஒரு தமிழர். மதுரையைச் சேர்ந்தவர்.

பெயர் எஸ். ராம்குமார். 2002இல் இந்தியாவில் விண்ணப்பித்து, 2008இல் ஆக்கவுரிமை பெற்றார். பேட்டன்ட் என்று சொல்கிறோமே, அதுதான். இலக்கம் 214388. ஒரே போனில் ஒன்றுக்கு மேற்பட்ட சிம் அட்டைகளை வைத்து இயக்கும் முறைதான் விஷயம். கையில் உரிமைப் பத்திரம் வந்ததும் அவர் சுங்கத் திணைக்களத்தில் அதைப் பதிவு செய்தார். இந்தியாவில் 2007இல் வந்த ஒரு விதியின்படி, உரிமையாளர் பதிவு செய்து வைத்தால், அந்த உரிமையை மீறுவதாகச் சந்தேகப்படும் பொருட்களை சுங்க அதிகாரிகள் துறைமுகத்திலேயே, விமான நிலையத்திலேயே தடுத்து வைக்கலாம். அப்படியே நடந்தது. இறக்குமதியாகி வந்த இரட்டை சிம் போன்கள் தடுக்கப்பட்டன. சென்னை மேல் நீதிமன்றத்தில் வழக்கும் போனது. சாம்சங், ஸ்பைஸ், மைக்ரோமெக்ஸ் என்று பெரிய பெயர்கள் எல்லாம் இந்த விவகாரத்துக்குள் வந்தன.

ஒரு தனி மனிதர் உலகக் கொம்பனிகளை நிறுத்தி வைத்தார் என்று கேட்கும்போது, எனக்கும் உங்களைப் போலவே ஒரு சந்தோஷம் வரத்தான் செய்கிறது. ஆனால் கதை அதோடு முடியவில்லை. எதிர்த்தரப்பு, அந்த உரிமை கொடுக்கப்பட்டதே பிழை என்று சென்னையில் இருந்த புலமைச் சொத்து மேன்முறையீட்டுச் சபைக்குப் போனது. 2012இல் சபை அந்த ஆக்கவுரிமையை இரத்துச் செய்தது. ஏற்கெனவே தெரிந்திருந்த விஷயங்களை வைத்துப் பார்த்தால் இதில் புதிதாகக் கண்டுபிடித்த படி இல்லை என்பதுதான் சாரம். உண்மையில் பின்லாந்தின் பெனபோன் என்ற கொம்பனி 2000ஆம் ஆண்டிலேயே ட்வின் என்ற பெயரில் இரட்டை சிம் போன் ஒன்றை விற்றிருக்கிறது.

இதில் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, சிம் வைக்கும் ஏற்பாடு என்பது போனுக்குள் இருக்கும் ஒரு பகுதி. கெமரா, பட்டரி, திரை, மென்பொருள் எதுவும் அவருடையது அல்ல. ஆனால் தடுக்கப்பட்டது முழு போன். இரண்டாவது, அந்த உரிமை சரியா பிழையா என்று ஆழமாகப் பார்ப்பதற்கு முன்னரே சரக்கு நின்றுவிட்டது. போலிச் செருப்பையும் போலிக் கைக்கடிகாரத்தையும் சுங்க அதிகாரி கண்ணால் பார்த்துப் பிடிக்கலாம். ஒரு போனுக்குள் இருக்கும் மின்சுற்று யாருடைய உரிமையை மீறுகிறது என்று அவர் எப்படிச் சொல்வது? இந்தியாவே இதைப் பின்னர் உணர்ந்து, 2018இல் அந்த சுங்க விதிகளிலிருந்து ஆக்கவுரிமையை எடுத்துவிட்டது.

சிறிய மனிதர் செய்தார் என்பதற்காக இதைச் சரி என்று சொல்ல முடியாது. பெரிய கொம்பனி இதே வேலையைச் செய்தால் சரி என்றும் சொல்ல முடியாது. இனி அதைப் பார்ப்போம்.

சுவீடனின் எரிக்சன் கொம்பனியின் போனை இப்போது யாரும் பாவிப்பதில்லை. ஆனால் ஒரு போன் கோபுரத்தோடு எப்படிப் பேச வேண்டும் என்ற 2ஜி, 3ஜி, 4ஜி தொழில்நுட்பங்களில் அவர்களுக்கு நிறைய உரிமைகள் இருக்கின்றன. அவை இல்லாமல் யாராலும் போன் செய்ய முடியாது. 2013இல் அவர்கள் இந்தியாவின் மைக்ரோமெக்ஸ் கொம்பனி மீது டெல்லி மேல் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். பிறகு இன்டெக்ஸ், லாவா, ஷாவ்மி என்று வரிசை நீண்டது. 2014 டிசம்பரில் ஷாவ்மி போன்களின் விற்பனையையே நீதிமன்றம் இடைக்காலமாக நிறுத்தியது. சில நாட்களில், குவல்கொம் சிப் உள்ள போன்களை மட்டும், ஒவ்வொரு போனுக்கும் 100 இந்திய ரூபா வைப்புச் செய்துவிட்டு விற்கலாம் என்று தளர்த்தியது. அதாவது உள்ளே இருக்கும் விரல் நக அளவு சிப் எந்தக் கொம்பனியுடையது என்பதை வைத்து, முழு போனும் கடைக்கு வரலாமா என்பது முடிவானது.

இந்த வழக்குகளில் எனக்கு முக்கியமாகப் பட்டது பணம் கணக்கிட்ட முறை. எரிக்சன் கேட்டது போனின் விலையில் ஒரு வீதம். சிப்பின் விலையில் அல்ல. இந்தியப் போட்டி ஆணைக்குழு 2013இல் இதை ஒரு எளிய கணக்கால் விளக்கியது. அதே சிப் 100 ரூபா போனில் இருந்தால் 1.25 ரூபா கொடுக்க வேண்டும். 1000 ரூபா போனில் இருந்தால் 12.50 ரூபா கொடுக்க வேண்டும். சிப் ஒன்றுதான், அது செய்யும் வேலையும் ஒன்றுதான். நல்ல கெமராவும் பெரிய திரையும் போட்டதற்காக, கெமராவோடு சம்பந்தமே இல்லாதவருக்கு ஏன் பத்து மடங்கு போக வேண்டும்?

எரிக்சன் பக்கத்தையும் சொல்ல வேண்டும். இணைப்பு இல்லாவிட்டால் அந்தக் கெமராவும் திரையும் வெறும் விளையாட்டுச் சாமான்தான், ஆகவே முழு போனின் பெறுமதியிலும் எங்களுக்குப் பங்கு உண்டு என்பது அவர்கள் வாதம். உலகில் பெரும்பாலான ஒப்பந்தங்களும் போனின் விலையை வைத்தே போடப்படுகின்றன. டெல்லி நீதிமன்றமும் அந்தப் பக்கமே சாய்ந்தது. 2023 ஜூலையில், போட்டி ஆணைக்குழு இதை விசாரிக்க முடியாது, இது ஆக்கவுரிமைச் சட்டத்துக்குள் வரும் விஷயம் என்று தீர்ப்பு வந்தது. 2024 மார்ச்சில் லாவா கொம்பனி 244 கோடி இந்திய ரூபா எரிக்சனுக்குச் செலுத்த வேண்டும் என்று உத்தரவு வந்தது. லாவா செய்வது என்ன போன்? எங்களைப் போன்றவர்கள் வாங்கும் மலிவு விலைப் போன்.

இதே கேள்வி அமெரிக்காவிலும் வந்தது. அப்பிள் 2011 ஏப்ரலில் சாம்சங் மீது வழக்குப் போட்டது. போனின் முன்முகம், வட்டமான மூலைகள், சின்னங்களை அடுக்கிய விதம் எல்லாம் எங்களைப் பார்த்துச் செய்தவை என்றது. 2012 ஓகஸ்டில் யூரிகள் சபை சுமார் 105 கோடி டொலர் கொடுக்கச் சொன்னது. அந்த நாட்டில் வடிவமைப்புக்கான சட்டத்தில் ஒரு பழைய விதி இருக்கிறது. 1887இல் கம்பளம் நெய்பவர்களின் வழக்குகளுக்குப் பின் வந்தது. வடிவத்தைத் திருடியவர் அந்தப் பொருளில் சம்பாதித்த முழு இலாபத்தையும் கொடுக்க வேண்டும் என்கிறது. கம்பளத்துக்கு அது நியாயம். கம்பளத்தை வாங்குவதே அதன் பூவேலைக்காகத்தான். போனுக்கு அது எப்படிப் பொருந்தும்?

2016 டிசம்பரில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 8 நீதியரசர்களும் ஒருமனதாகச் சொன்னார்கள்: இலாபம் கணக்கிட வேண்டிய "பொருள்" என்பது எப்போதும் கடையில் விற்கும் முழுப் பொருளாக இருக்க வேண்டியதில்லை, அதன் ஒரு பாகமாகவும் இருக்கலாம். வழக்கு திரும்பக் கீழே போய், 2018 மே மாதம் 53.9 கோடி டொலர் என்று இன்னொரு தொகை வந்து, அடுத்த மாதமே இரு தரப்பும் சமாதானமாகிவிட்டன. ஏழு வருடச் சண்டை. ஆரம்ப வருடங்களில் ஐபோனின் மூளையாக இருந்த புரொசசரைச் செய்து கொடுத்ததே சாம்சங் தொழிற்சாலைதான். நீதிமன்றத்தில் எதிராளி, தொழிற்சாலையில் கூட்டாளி. அவர்களுக்கு இது வியாபாரத்தின் ஒரு பகுதி. சட்டத்தரணிகளுக்குக் கொடுத்ததையும் தண்டமாகக் கொடுத்ததையும் அவர்கள் எங்கிருந்து எடுப்பார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஒன்பதாம் வகுப்பில் இதைப் பற்றிப் பேச்சு வந்தபோது ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டது: "சேர், அப்ப தையல் மெஷின் ஊசிக்கு உரிமை வச்சிருக்கிறவர் சட்டையிலயும் பங்கு கேட்கலாமா?" வகுப்பே சிரித்தது. ஆனால் அது சிரிக்கிற கேள்வி அல்ல. தையல் மெஷினில் உண்மையிலேயே இப்படி ஒரு சண்டை நடந்திருக்கிறது. நுனியில் கண் வைத்த ஊசியும் கீழே இன்னொரு நூலும் சேர்ந்து தைக்கும் முறைக்கு எலியாஸ் ஹோவ் என்ற அமெரிக்கர் 1846இல் உரிமை பெற்றார். எங்கட வீடுகளில் இருக்கும் சிங்கர் மெஷினின் ஐசக் சிங்கரையே வழக்குப் போட்டுப் பணம் கட்ட வைத்தார். மற்றவர்களிடம் மற்றப் பாகங்களின் உரிமை இருந்தது. எல்லோரும் எல்லோர் மேலும் வழக்குப் போட்டு, யாராலும் ஒழுங்காக மெஷின் செய்ய முடியாத நிலை வந்தது. கடைசியில் 1856இல் எல்லா உரிமைகளையும் ஒரு பொதுத் தொகுதியில் போட்டு, கட்டணத்தைப் பங்கிட்டுக்கொள்ள உடன்பட்டார்கள். அந்தப் பிள்ளையின் கேள்விக்கு அவர்கள் கண்ட விடையும் அதுதான்: ஊசிக்காரருக்கு ஊசிக்கான பங்கு.  இன்றைய போன் கொம்பனிகளுக்கு அந்த அடக்கம் இல்லை.

இனி எங்கட கடைகளுக்கு வருவோம்.

2022இல் டொலர் 200 ரூபாவில் இருந்து 360 ரூபாவைத் தாண்டியபோது புதுப் போன் வாங்குவது கனவாகிவிட்டது. அப்போது எங்களைக் காப்பாற்றியது முள்ளியவளையிலும் தண்ணீரூற்றிலும் முல்லைத்தீவு டவுனிலும் சின்னச் சின்னக் கடைகளில் உட்கார்ந்து போர்ட்டைச் சுரண்டி, சார்ஜிங் பின்னை மாற்றி, பட்டரி போட்டுத் தந்த பொடியன்கள்தான். அதற்கு முன் கொரோனா காலத்தில் பாடசாலை மூடியிருந்தபோது, வட்ஸ்அப்பில் நாங்கள் அனுப்பிய பாடங்கள் பிள்ளைகளின் கைக்குப் போனதும் அவர்கள் திருத்திக் கொடுத்த போன்களால்தான். ஒரு வீட்டில் மூன்று பிள்ளைக்கு ஒரு போன், அதுவும் வெடித்த திரையோடு.

அந்தத் திரையின் மேலும் ஒரு சண்டை வந்தது. 2022 டிசம்பர் கடைசியில், திரை தயாரிக்கும் சாம்சங் டிஸ்பிளே என்ற கொம்பனி அமெரிக்காவின் சர்வதேச வர்த்தக ஆணைக்குழுவில் ஒரு முறைப்பாடு கொடுத்தது. யாருக்கு எதிராக? பழுதுபார்க்கும் கடைகளுக்கு மாற்றுத் திரைகளை இறக்கி விற்கும் மொத்த வியாபாரிகளுக்கு எதிராக. ஓஎல்ஈடி திரையில் ஒளிப்புள்ளிகளை அடுக்கும் முறை எங்கள் உரிமை, அதைப் பார்த்துச் செய்த திரைகள் நாட்டுக்குள் வரக்கூடாது என்பது அவர்கள் கோரிக்கை. சீனாவின் பிஓஈ கொம்பனியும் தானாக முன்வந்து எதிர்த்தரப்பில் நின்றது. கொம்பனிகளுக்கு இடையிலான சண்டைதான், ஆனால் கயிறு கட்டப்பட்டது கடைக்காரரின் காலில்.

இன்னொரு வழி இதைவிட மோசமானது. அதற்கு நீதிமன்றமே தேவையில்லை. மென்பொருளால் பாகத்தைப் போனோடு கட்டிவிடுவது. ஐபோனில் வேறு திரை மாற்றினால் "தெரியாத பாகம்" என்று எச்சரிக்கை வருகிறது. 2021இல் வந்த ஐபோன் 13இல் வெளிக்கடையில் திரை மாற்றினால் முகம் பார்த்துத் திறக்கும் வசதியே வேலை செய்யாமல் போனது. ஆட்சேபம் எழுந்த பிறகுதான் அதைத் திருத்தினார்கள். இரண்டு உண்மையான ஐபோன்களின் திரைகளை ஒன்றுக்கொன்று மாற்றினாலே இந்தப் பிரச்சினை வந்தது. காசு கொடுத்து வாங்கியவருக்குத் தன் பொருளைத் திருத்தும் உரிமை இல்லையென்றால், அவர் வாங்கியதாகச் சொல்வதில் என்ன அர்த்தம்?

இதை எதிர்த்து உலகம் சும்மா இருக்கவில்லை. அமெரிக்காவின் ஒரேகன் மாநிலம் 2024 மார்ச்சில் இப்படிப் பாகத்தைப் பூட்டி வைப்பதைத் தடுக்கும் சட்டம் கொண்டுவந்தது. அதே ஆண்டு ஐரோப்பிய ஒன்றியமும் பழுதுபார்க்கும் உரிமைக்கான நெறிமுறையை நிறைவேற்றியது. இந்தியா 2022 டிசம்பரில், திருத்தும் முறை, பாகங்கள் பற்றிய விபரங்களைக் கொம்பனிகள் ஒரே இடத்தில் தர ஓர் இணையத்தளம் திறந்தது. இலங்கையில் நுகர்வோரைப் பாதுகாக்க 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. பழுதுபார்க்கும் உரிமைக்கென்று தனியாக ஒன்றும் இல்லை.

என் நிலைப்பாட்டைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கண்டுபிடித்தவருக்கு உரிமை வேண்டும். மூளையைக் கசக்கி, வருடக்கணக்காகக் காசைக் கொட்டி ஒன்றைச் செய்தவரிடமிருந்து அதை இலவசமாக எடுப்பது களவுதான். ஆனால் அந்த உரிமை அவர் கண்டுபிடித்த பாகத்தோடு நிற்க வேண்டும். முழு போனின் விலைக்கும், அதை விற்பவருக்கும், வாங்கியவருக்கும், திருத்துபவருக்கும் மேலே ஏறி உட்காரக் கூடாது. எங்கட ஊரின் பெயரிலேயே ஊற்று இருக்கிறது. கிணறு கட்டியவருக்குக் கிணறு சொந்தம். அதற்காக அந்தத் தண்ணீரில் விளைந்த நெல்லில் எல்லாம் அவர் பங்கு கேட்க முடியுமா?

சரி, நாங்கள் என்ன செய்யலாம்? எனக்குத் தோன்றிய நான்கு விஷயங்கள்.

1. புதிதாக எதையாவது செய்யும் பிள்ளைகளுக்கு: 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ், கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் ஆக்கவுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடப் பாதுகாப்பு. ஆனால் கண்காட்சியில் வைப்பதற்கும் பேஸ்புக்கில் போடுவதற்கும் முன்னரே விண்ணப்பியுங்கள். அதற்கும் முன், உலகில் வேறு யாரும் இதைச் செய்திருக்கிறார்களா என்று நன்றாகத் தேடுங்கள். மதுரைக்காரரின் கதை சொல்லும் பாடம் அதுதான். பத்திரம் கைக்கு வந்தாலும் அத்திவாரம் பலமாக இல்லையென்றால் நிற்காது. விஞ்ஞான ஆசிரியர்கள் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். நானும் செய்கிறேன்.

2. கடைக்காரத் தம்பிமாருக்கு: திருத்தும் உரிமையை நாங்கள் கேட்பதென்றால் எங்கள் கை சுத்தமாக இருக்க வேண்டும். கொப்பி டிஸ்பிளே விற்பது வேறு, கொப்பியை ஒரிஜினல் என்று சொல்லி விற்பது வேறு. இரண்டாவது ஏமாற்று. பில்லில் எழுதிக் கொடுங்கள்: என்ன வகை, எத்தனை மாத உத்தரவாதம் என்று. கொம்பனிகள் சிறு கடைகளைக் கெட்ட பெயர் சொல்லி ஒதுக்க முதலில் தூக்கிக் காட்டுவது இந்தக் குறையைத்தான். அந்த ஆயுதத்தை நாங்களே கையில் கொடுக்கக் கூடாது.

3. பொது அமைப்புகளுக்கு: பள்ளிவாசல் நிர்வாகம், கோயில் நிர்வாகம், கிராம அபிவிருத்திச் சங்கம், வர்த்தகர் சங்கம் எல்லாம் எத்தனையோ கடிதம் எழுதுகின்றன. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கும் எங்கட பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும் இதையும் எழுதலாம். போன் இறக்குமதி செய்து விற்பவர், அதன் பாகங்களும் திருத்தும் விபரங்களும் நியாய விலையில் எல்லாக் கடைக்கும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று கேட்கலாம். போனுக்கு மட்டுமல்ல, உழவு இயந்திரத்துக்கும் நீர்ப்பம்பிக்கும் நாளை இதே பிரச்சினை வரும். விவசாயிகள் இப்போதே யோசிக்க வேண்டும்.

4. பெற்றோருக்கு: "படிக்காட்டி போன் கடையிலதான் உட்கார வேணும்" என்று பிள்ளையைப் பயமுறுத்தாதீர்கள். அந்த வேலைக்கும் படிப்பு வேண்டும். மின்சுற்று வாசிக்க, மென்பொருள் விளங்க, ஆங்கிலக் குறிப்பைப் புரிந்துகொள்ளத் தெரிய வேண்டும். தேசிய தொழில் தகைமைச் சான்றிதழோடு அதைச் செய்தால் எந்த நாட்டிலும் மதிப்பு. போர்ட்டில் வேலை செய்யத் தெரிந்த பிள்ளைதான் ஒருநாள் போர்ட்டுக்குப் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கும்.

"நாங்கள் எழுதினால் அப்பிள் கேட்குமா?" என்று சிலர் கீழே எழுதுவீர்கள், தெரியும். அப்பிள் கேட்காது. ஆனால் ஒரேகனில் அதைக் கேட்க வைத்தது சட்டம். அந்தச் சட்டம் வந்தது மக்கள் கேட்டதால். எங்கட நாட்டில் இன்னும் யாரும் பலமாகக் கேட்கவில்லை. வன்னியிலிருந்து அந்தக் குரல் வந்தால் என்ன குறை?

போன் கடை வைத்திருப்பவர்கள் எந்தப் பாகம் கிடைப்பது கஷ்டமாக இருக்கிறது, எந்த மொடலில் பூட்டு வருகிறது என்று கீழே எழுதுங்கள். சேர்த்து ஒரு கடிதமாக்குவோம். வர்த்தகர் சங்கத்தில் இருப்பவர்கள் முன்னால் வந்தால் எழுதித் தரும் வேலையை நான் பொறுப்பெடுக்கிறேன், இன்ஷா அல்லாஹ். மாற்றுக் கருத்து இருந்தால் அதையும் மரியாதையோடு எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.